‘ரேர்லி’ எந்தப் பக்கம்?

‘தென்னேரி ஏரி அபூர்வமாகத்தான் கோடி போகும்.’ இது உண்மையா பொய்யா என்பதை ஏரிப் பாசனக்காரர்கள் சொல்லட்டும். இங்கே கேள்வி வேறு: இது உடன்பாட்டு வாக்கியமா, எதிர்மறை வாக்கியமா? தமிழாசிரியர் யோசிக்கவே மாட்டார். ‘போகும்’ என்று முடிகிறதே, உடன்பாடுதான் என்பார். இதையே ‘த லேக் ரேர்லி ஓவர்ஃப்ளோஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பின்னால் கொஸ்டின் டேக் போடச் சொன்னால், ‘டஸ் இட்?’ என்று எழுதியவருக்குத்தான் மதிப்பெண். ‘டஸ்ன்ட் இட்?’ என்று எழுதியவருக்குச் சுழியம். உடன்பாட்டு வாக்கியத்துக்கு எதிர்மறை வால், எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்பாட்டு வால் என்பது விதி. அப்படியானால் ஆங்கிலத்தின் கணக்கில் அந்த ஏரி வாக்கியம் எதிர்மறை.

அதே ஊரிலிருந்து இன்னொரு வாக்கியம். ‘மழை பெய்தால் நாங்கள் தெருவில் பாவு நீட்டுவதில்லை.’ பட்டு நெசவு நடக்கும் தெருவில் இது அன்றாடப் பேச்சு. ஆங்கிலத்தில் ‘வி நெவர் ஸ்ட்ரெச் த வார்ப் இன் த ரெய்ன்.’ தமிழில் மறுப்பு முழுவதும் வினையின் வாலில், ‘இல்லை’யில் இருக்கிறது. ஆங்கிலத்திலோ ‘ஸ்ட்ரெச்’ என்ற வினை கைபடாமல் நிற்கிறது. மறுக்கும் வேலை முழுவதையும் ‘நெவர்’ என்ற ஒற்றைச் சொல் செய்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். ‘நெவர்’ வரும் இடத்தில் தமிழ் வினை எதிர்மறை. ‘ரேர்லி’, ‘செல்டம்’ வரும் இடத்தில் தமிழ் வினை உடன்பாடு. நம் இலக்கணப் புத்தகங்களும் வழிகாட்டிகளும் இந்த மூன்றையும், கூடவே ‘ஹார்ட்லி எவர்’, ‘ஸ்கேர்ஸ்லி’ இரண்டையும் சேர்த்து, ‘நெகட்டிவ் அட்வெர்ப்ஸ்’ என்று ஒரே பட்டியலில் அடைத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அந்தப் பட்டியல் தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

தென்னேரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வாலாஜாபாத் வட்டத்தில் பெரிய ஏரியும் பட்டுத் தறியும் உள்ள ஊர். திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையனின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. ஆனால் இன்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எல்லாரும் தறியில் உட்காருவதில்லை. (இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.) ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும், இயந்திரத்தின் மேல் ஒட்டிய எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கும். அரசு வேலைக்குப் படிப்பவருக்கோ டிஎன்பிஎஸ்சியின் பொது ஆங்கிலப் பாடத்திட்டத்தில் சரியான கொஸ்டின் டேக்கைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனித் தலைப்பாகவே இருந்திருக்கிறது. ஆக, ‘ரேர்லி’ எந்தப் பக்கம் என்பது இங்கே வெறும் பண்டிதக் கேள்வி அல்ல.

பட்டியலின் பூர்விகத்தைப் பார்ப்போம். நம் நாட்டு ஆங்கில இலக்கணப் படிப்பின் அடித்தளம் இன்றும் ரென் அண்ட் மார்ட்டின்தான். 1935இல் வந்த அந்த நூலின் முதல் ஆசிரியர் பி.சி. ரென், பம்பாய்க் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிப் பேர் வாங்கியவரும் அவரே. நூலின் விதிகளில் பிழை காண்பது கடினம். ‘நெவர்’, ‘ரேர்லி’ போன்றவை ஒற்றை வினைக்கு முன்னால் வரும். ‘இஸ்’, ‘வாஸ்’ வகைக்குப் பின்னால் வரும். வினை இரண்டு மூன்று சொல்லாக இருந்தால் முதல் சொல்லுக்குப் பின்னால் வரும். இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துவிடும், ஆகவே ஒன்றே போதும். இவை எல்லாம் சரி. நூலை எழுதியவர்கள் ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்குள்ளேயே விளக்கினார்கள். படிப்பவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று கேட்கவில்லை. தமிழ் வழியில் ஆங்கிலம் கற்பிக்கும் நூல்கள் அந்தக் கேள்வியைக் கேட்டன. ஆனால் சொல்லுக்குச் சொல் என்று பதில் சொன்னதில் புதிய குழியை வெட்டின.

குழி இதுதான். ‘நெவர்’ என்றால் ‘ஒருபோதும்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். ‘ஒருபோதும்’ தனியாக எதையும் மறுப்பதில்லை. ‘அவன் ஒருபோதும் வருவான்’ என்று தமிழில் சொல்லவே முடியாது. ‘வரமாட்டான்’, ‘வந்ததில்லை’ என்று வினை மறுத்தால்தான் அந்தச் சொல்லுக்கு நிற்க இடம். சரியாகப் பார்த்தால் ‘ஒருபோதும்’ என்பதற்கு இணை ‘நெவர்’ அல்ல, ‘எவர்’. ‘நெவர்’ என்பது ‘ஒருபோதும்’ கூட்டல் ‘இல்லை’. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை என்ன செய்யும்? ‘ஒருபோதும்’ இருக்கும் இடத்தில் ‘நெவர்’ வைக்கும். ‘வருவதில்லை’க்கு ‘டஸ் நாட் கம்’ வைக்கும். ‘ஹி நெவர் டஸ் நாட் கம்’ என்று முடிக்கும். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து ‘டபுள் நெகட்டிவ்’ என்று எழுதுவார். பிள்ளை தன் கணக்கில் இரண்டு தடவை மறுக்கவே இல்லை. அகராதி கொடுத்த பொருளை நம்பி ஒரே தடவைதான் மறுத்தது.

இதே காரணத்தால்தான் ‘யாரும் வரவில்லை’ என்பது ‘எனிபடி டிட் நாட் கம்’ ஆகிறது. நமக்கு மறுப்பு கடைசியில் வரும். முன்னால் வரும் ‘யாரும்’, ‘எதுவும்’, ‘ஒருபோதும்’ எல்லாம் அதற்காகக் காத்திருக்கும். ஆங்கில எதிர்மறை வாக்கியத்தில் ‘எனி’யும் ‘எவர்’ரும் மறுப்புக்குப் பின்னால்தான் வர முடியும். எழுவாயிலேயே மறுக்க வேண்டுமானால் ‘நோபடி’. ஒரே விதியின் இரண்டு முகங்களைப் பள்ளியில் இரண்டு வெவ்வேறு பாடங்களாக, பல மாத இடைவெளியில் நடத்துகிறார்கள்.

இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடச் செழிப்பானது. அந்தச் செழிப்பை வகுப்பில் யாரும் பயன்படுத்துவதில்லை. ‘வரவில்லை’, ‘வருவதில்லை’, ‘வந்ததில்லை’, ‘வரமாட்டான்’ என்ற நான்கையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஒரு தடவை நடக்காததைச் சொல்கிறது. இரண்டாவது வழக்கம் இல்லை என்கிறது. மூன்றாவது இதுவரையிலான அனுபவத்தில் இல்லவே இல்லை என்கிறது. நான்காவது இனி நடக்காது என்கிறது. எத்தனை தடவை என்ற கணக்கு, தனிச் சொல் எதுவும் இல்லாமல், வினையின் வடிவத்திலேயே அடங்கிவிடுகிறது. ‘நான் விமானத்தில் போனதில்லை’ என்பதில் ‘ஒருபோதும்’ சேர்க்கத் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் நெவர் ஃப்ளோன்’ என்பதில் ‘நெவர்’ரை எடுத்தால் வாக்கியம் தலைகீழாகிவிடும். ஆகவே ‘போனதில்லை’க்கு ‘ஹேவ் நெவர் ஃப்ளோன்’, ‘போவதில்லை’க்கு ‘நெவர் ஃப்ளை’, ‘போகவில்லை’க்கு ‘டிட் நாட் ஃப்ளை’ என்று வினைக்கு வினை இணை வைத்துக் கற்பிக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய்மொழியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இந்த இணையைக் காட்டாததால் வரும் இன்னொரு பிழை, ‘ஐ நெவர் வென்ட் டு ஸ்கூல் எஸ்டர்டே’. ‘போகவே இல்லை’ என்பதன் ‘ஏ’கார அழுத்தம் ‘நெவர்’ராக மாறிவிடுகிறது. ஒரு நாள் நிகழ்வுக்குப் பள்ளி ஆங்கிலம் ‘டிட் நாட்’ என்றே எதிர்பார்க்கும். சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலத்தில் ‘டிட் நாட்’டின் இடத்தில் ‘நெவர்’ சர்வ சாதாரணம். இங்கிலாந்தின் வட்டாரப் பேச்சிலும் உண்டு. அதனால் இதை மொழிக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் செல்லாது, அவ்வளவுதான்.

இப்போது அந்த நினைவில் வைத்த வாக்கியம். ‘தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எல்லாரும் தறியில் உட்காருவதில்லை.’ ஒருவரும் உட்காருவதில்லையா, சிலர் மட்டும் உட்காருவதில்லையா? முன்பின் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ‘அவர் எப்போதும் தறியில் உட்காருவதில்லை’ என்பதும் அப்படியே. பேச்சில் குரல் ஏறி இறங்குவதை வைத்துத் தெரிந்துகொள்வோம். ‘எப்போதுமே’ என்று ‘ஏ’ சேர்ந்தால் கதவு அடைபடும். அச்சில் அந்த உதவி இல்லை. ஆங்கிலம் இங்கே கறார். ‘டஸ் நாட் ஆல்வேஸ் சிட்’ என்றால் சில நாள் உட்காருவார். ‘நெவர் சிட்ஸ்’ என்றால் எந்த நாளும் இல்லை. நம்மவர் இரண்டுக்கும் பொதுவாக ‘ஆல்வேஸ் டஸ் நாட்’ என்று எழுதிவிடுகிறார். இலக்கணப்படி அது பிழைகூட இல்லை. கேட்பவர் ‘எந்த நாளும் இல்லை’ என்று எடுத்துக்கொள்வார். சொல்ல வந்தது ‘சில நாள் இல்லை’ என்பதாக இருக்கலாம். ஒரு பொறியின் மூடியைத் திறக்கும் குறிப்பில் இந்த வேறுபாடு விரலின் விலை. இவ்வளவு முக்கியமான இடத்தை நான் பார்த்த வழிகாட்டிகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன.

‘ரேர்லி’க்குத் திரும்புவோம். தமிழில் ‘அரிதாக’, ‘அபூர்வமாக’, ‘எப்போதாவது’ மூன்றும் உடன்பாட்டு வினையோடு இயல்பாகச் சேரும். ஆகவே பிள்ளை ‘ரேர்லி’யோடு ‘நாட்’ சேர்ப்பது குறைவு. வாக்கியத்தைச் சரியாகவே எழுதிவிடும். தவறுவது வால் போடும்போதுதான். நம் வாலோ எதற்கும் பொருந்தும்: ‘கோடி போகும், இல்லையா?’, ‘கோடி போகாது, இல்லையா?’ இந்த ‘இல்லையா’வைத்தான் நாம் ‘இஸ்ன்ட் இட்?’ என்று எல்லா ஆங்கில வாக்கியத்தின் பின்னாலும் ஒட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வாலை ஒட்டிப் பழகியவருக்கு வாக்கியம் எந்தப் பக்கம் என்று பார்க்கும் பழக்கமே வந்திருக்காது. எனவே ‘நெவர்’ரில் அதிகமாக மறுக்கிறோம், ‘ரேர்லி’யில் மறுப்பு இருப்பதையே பார்க்கத் தவறுகிறோம். எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு பிழைகளுக்கு ஒரே பட்டியல் மருந்தாகாது என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

‘ஹார்ட்லி’ தனி ரகளை. ‘மை ஃபாதர் ஒர்க்ஸ் ஹார்ட்லி’ என்று எழுதாத வகுப்பு தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’, ‘க்விக்’குக்கு ‘க்விக்லி’ என்று பழகிய கை, ‘ஹார்ட்’டுக்கு ‘ஹார்ட்லி’ போடுகிறது. விடியுமுன் குழித்தறியில் இறங்கி இருட்டும் வரை நாடா வீசுபவரை, அவர் மகளே ‘அப்பா வேலையே செய்வதில்லை’ என்ற தொனியில் எழுதிவிடுகிறாள். கடுமையாக என்ற பொருளில் ‘ஹார்ட்’தான் வினைக்குப் பின்னாலும் வரும். ‘ஹார்ட்லி’ என்பது ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்பதற்குச் சமம். அதோடு ‘எவர்’ சேர்ந்தால்தான் ‘எத்தனை தடவை’ என்ற கணக்குக்குள் வரும். ‘அநேகமாக வருவதே இல்லை’ என்ற தமிழ்தான் ‘ஹார்ட்லி எவர் கம்ஸ்’. கவனியுங்கள், இங்கே தமிழ் வினை மறுபடியும் எதிர்மறைக்குப் போய்விட்டது. ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் ‘ரேர்லி’யும் ‘ஹார்ட்லி எவர்’ரும் தமிழுக்கு வரும்போது இரண்டு பக்கமாகப் பிரிகின்றன.

கொஸ்டின் டேக்கை மதிப்பெண்ணுக்கான சில்லறை விஷயம் என்று இகழ்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 1964இல் எட்வர்ட் கிளிமா என்ற மொழியியலாளர் ஆங்கில எதிர்மறையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், ஒரு வாக்கியம் எதிர்மறையா என்று அறியச் சில சோதனைகளைக் கொடுத்தார். அவற்றில் ஒன்று இந்த வால்தான். இன்னொன்று, பின்னால் ‘நைதர்’ சேருமா என்று பார்ப்பது: ‘ஹி ரேர்லி கம்ஸ், அண்ட் நைதர் டஸ் ஷி’ சரியாக ஒலிக்கும், ‘ஹி சம்டைம்ஸ் கம்ஸ்’ என்பதோடு ‘நைதர்’ ஒட்டவே ஒட்டாது. ‘ரேர்லி’யும் ‘சம்டைம்ஸ்’ஸும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையைச் சொல்லலாம், ஒன்று வராத நாள்களைப் பார்த்துச் சொல்வது, மற்றது வந்த நாள்களைப் பார்த்துச் சொல்வது. ஆய்வாளர் கையில் கருவியாக இருந்த ஒன்றை நாம் கேள்வித்தாளின் கடைசி அரை மதிப்பெண்ணாக மாற்றிவிட்டோம். பட்டியலைக் கொடுத்து வால் போடச் சொல்வதற்குப் பதில், வாலைக் கொடுத்துப் பட்டியலைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது இன்வர்ஷன். ‘நெவர் ஹேவ் ஐ சீன்’, ‘செல்டம் டஸ் ஹி கம்’ என்று எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் தலைக்குப் போனால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிடும். இது பழைய ஆங்கிலத்தின் மிச்சம். இன்றைய ஜெர்மனில் எது முதலில் வந்தாலும் வினை இரண்டாம் இடத்துக்கு வரும், ஆங்கிலத்தில் அந்த வழக்கம் பெரும்பாலும் எதிர்மறைக்கு மட்டும் தங்கிவிட்டது. 1940 ஆகஸ்ட் 20 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விமானப் படை வீரர்களைப் புகழ்ந்த புகழ்பெற்ற வாக்கியம் ‘நெவர்’ரில் தொடங்கும் இந்த வகைதான். மேடைக்கு அழகு. தொழிற்சாலை நேர்காணலில் ‘நெவர் ஹேவ் ஐ கம் லேட்’ என்றால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். பயிற்சி நூல்கள் இதற்குத் தரும் பக்கங்களுக்கும் வாழ்க்கையில் இதன் தேவைக்கும் பொருத்தமே இல்லை. அப்படிக் கற்பித்தாலும் சொற்களைப் பார்த்துக் கற்பிக்கிறார்கள், பொருளைப் பார்த்து அல்ல. ‘அட் நோ டைம் டிட் ஹி ஸ்டாப்’ என்பதில் திருப்பம் உண்டு. ‘இன் நோ டைம் ஹி ஸ்டாப்ட்’ என்பதில் இல்லை. இரண்டிலும் ‘நோ’ இருக்கிறது. முதலாவது அவர் நிறுத்தவே இல்லை என்கிறது. இரண்டாவது சட்டென்று நிறுத்திவிட்டார் என்கிறது, மறுப்பே கிடையாது. பட்டியல் படித்தவர் இங்கே தடுமாறுவார். வாக்கியத்தின் பக்கம் பார்க்கப் பழகியவர் தடுமாற மாட்டார்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியது நிறைய. ராபர்ட் லாடோ 1957இல் தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டால் பிழைகளை முன்கூட்டியே சொல்லலாம் என்று எழுதினார். பத்து வருடத்தில், 1967இல், பிட் கார்டர் கற்பவரின் பிழையை வேறு விதமாகப் பார்க்கச் சொன்னார்: அது அவர் தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் விதிகளின் சான்று, தாய்மொழியின் நிழல் மட்டும் அல்ல. இரட்டை எதிர்மறையை எடுத்தாலே இது விளங்கும். சாஸர் காலத்து ஆங்கிலத்தில் அது இயல்பு. ஸ்பானிஷ், ரஷ்ய மொழிகளில் இன்றும் இயல்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் தெருக்களும் அதை விட்டபாடில்லை. அதைத் தீட்டாக்கியதில் ராபர்ட் லோத் போன்ற 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே ‘டபுள் நெகட்டிவ்’வுக்குத் தமிழை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ரேர்லி’யின் வாலில் சறுக்குவதையும், ‘ஆல்வேஸ் டஸ் நாட்’டையும், ‘எனிபடி டிட் நாட்’டையும் சேர்த்து விளக்க, ‘எல்லா மொழிக்காரரும் செய்வதுதான்’ என்ற பதில் போதாது. மூன்றுமே தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலிருந்து நேராக இறங்கி வருகின்றன.

இன்னொரு எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இவ்வளவு ஒப்பீடு செய்ய ஆசிரியருக்கு ஏது நேரம்? பட்டியல் என்றால் ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடும், தேர்விலும் எடுபடும். இந்த வாதத்தின் பலம் உண்மையானது. பட்டியலை வைத்துத் தேர்வில் தேறியவர்கள் ஏராளம். தேறியவர்களில் எத்தனை பேர் அடுத்த நாள் பேச்சில் ‘ஹி ரேர்லி கம்ஸ், டஸ் ஹி?’ என்று யோசிக்காமலே சரியாகச் சொல்கிறார்கள் என்று கேட்டால்தான் அதன் பலவீனம் தெரியும்.

ஆகவே தீர்ப்பு. ரென் அண்ட் மார்ட்டின் வழியில் வந்த விதிகள் சரியானவை. இடம் பற்றிய விதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பொதுப் பட்டியல் தமிழ்ப் பிள்ளைக்குப் பாதி உதவி, பாதி இடைஞ்சல். ‘நெவர் = ஒருபோதும்’ என்ற சமன்பாடு தவறு; தமிழ்வழி நூல்களிலிருந்து அதை நீக்கி, ‘வருவதில்லை’, ‘வந்ததில்லை’ என்ற வினைவடிவங்களை அதன் இடத்தில் வைக்க வேண்டும். ‘ரேர்லி’, ‘செல்டம்’ இரண்டையும் தனியே பிரித்து, தமிழில் உடன்பாடு, ஆங்கிலத்தில் எதிர்மறை என்று முகப்பிலேயே சொல்ல வேண்டும். ‘நாட் ஆல்வேஸ்’ஸுக்கும் ‘நெவர்’ருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு முழு வகுப்பு தேவை, அதற்கான நேரத்தை இன்வர்ஷன் பாடத்திலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கொஸ்டின் டேக் பாடம் கடைசியில் இருக்கிறது; அதை முதலில் வையுங்கள்.